கரி அடுப்பில் பார்பிக்யூ: பற்றவைப்பது முதல் சாம்பல் அள்ளுவது வரை

எரிவாயு அடுப்பில் ஒரு திருகு இருக்கிறது. கூட்டலாம், குறைக்கலாம், அணைத்துவிட்டுப் போய்விடலாம். கரி அடுப்பில் அந்த வசதி கிடையாது. கரி சமையலுக்குத் தயாராக அரை மணி நேரம் ஆகும். சமையல் முடிந்தபின் அது முழுவதுமாக அடங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். புதிதாக அடுப்பு வாங்குகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்தைப் பற்றித்தான் ஆசை ஆசையாகப் படிக்கிறார்கள். கை சுட்டுக்கொள்வதற்கும் அடுப்பைக் கெடுத்துக்கொள்வதற்கும் அதற்கு முன்னும் பின்னும்தான் வாய்ப்பு அதிகம். ஆகவே இதில் மசாலா பற்றிய பேச்சு இருக்காது. நெருப்பு, காற்று, சாம்பல், துரு ஆகியவற்றைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

எங்கே வைப்பது

திறந்த வெளியில். இதற்கு விதிவிலக்கு எதுவும் இல்லை.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு வெளியாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்வதால், உடல் மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத் திணறிப் போகும். புகை கிளம்பும்போதுதான் ஆபத்து, சிவந்து கனிந்துவிட்டால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். புகையே இல்லாத தணலிலிருந்தும் இந்த வாயு வரும். சாம்பல் மூடி அணைந்ததுபோல் கிடக்கும் மிச்சத்திலிருந்தும் வரும். அதனால் வீட்டுக்குள், கூடாரத்துக்குள், கார் நிறுத்தும் கொட்டகைக்குள் அடுப்பைக் கொண்டுபோகவே கூடாது. ஜன்னல் திறந்திருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. மழை வந்தால் உணவை உள்ளே எடுத்துச் செல்லுங்கள், அடுப்பு நனையட்டும். குளிருகிறது என்று மிச்சத் தணலைப் படுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் மறுநாள் காலை எழாமலே போயிருக்கிறார்கள். அடுப்பின் அருகில் இருக்கும் யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் முதலில் நல்ல காற்றுள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; தாமதிக்காமல் மருத்துவ உதவியையும் நாடுங்கள்.

சுவர், வேலி, தாழ்ந்த மரக்கிளை, துணிப் பந்தல் எல்லாவற்றிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி, ஆட்டம் இல்லாத சமதரையில் அடுப்பை நிறுத்துங்கள். மண்தரையோ கல்தளமோ சிமெண்டுத் தளமோ நல்லது. காய்ந்த புல்லும் மரப்பலகைத் தளமும் வேண்டாம். மாடி முகப்பில் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பல குடியிருப்புகளில் அதற்குத் தடை உண்டு. தடை இல்லாத இடத்திலும் மேல்மாடித் துணிக்கொடிக்குப் பறக்கும் பொறிக்கு விதிமுறை தெரியாது. காற்று பலமாக வீசும் நாளில் நிகழ்ச்சியைத் தள்ளிப்போடுவதே மேல்.

தீக்குச்சியை எடுப்பதற்கு முன்பே ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், நீண்ட கைப்பிடி உள்ள இடுக்கி, வெப்பம் தாங்கும் கையுறை ஆகிய நான்கும் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கையுறை காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கையுறையோடு சூடான இரும்பைப் பிடித்தால் ஈரம் நீராவியாகி உள்ளேயே கையை வேகவைத்துவிடும். தொங்கும் கை, துப்பட்டா, எளிதில் உருகும் செயற்கை இழைத் துணி இவை எதுவும் அன்றைக்கு வேண்டாம். குழந்தைகளும் நாய் பூனைகளும் அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே நிற்கட்டும். எரியும் அடுப்பைவிட்டு யாரும் இல்லாமல் நகரக் கூடாது. ஒருவர் போனால் இன்னொருவர் வந்து நிற்க வேண்டும்.

எந்தக் கரி

கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று, மரத்தை அப்படியே கரியாக்கிய ஒழுங்கற்ற துண்டுகள். சீக்கிரம் பற்றும், கடுமையாகச் சூடேறும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். சாம்பல் குறைவு. இன்னொன்று, கரித்தூளை மாவுப்பசையோடு சேர்த்து அச்சில் அழுத்திய கட்டிகள். பற்ற நேரம் எடுத்தாலும் நீண்ட நேரம் ஒரே சீராக எரியும். சாம்பல் அதிகம். முதன்முதலாகச் சமைக்கிறவர்களுக்கு நான் அச்சுக்கட்டியையே சொல்வேன். சூடு எகிறாமல் நிதானமாக நிற்பதால் தடுமாறும்போது யோசிக்க அவகாசம் கிடைக்கும். எரிபொருளில் ஏற்கெனவே ஊறவைத்து, 'உடனே பற்றும்' என்று விற்கும் வகையும் உண்டு. அதன்மேல் வேறு எந்தத் திரவத்தையும் ஊற்றக் கூடாது. எரிந்துகொண்டிருக்கும் கரியின்மேல் பிறகு அதைச் சேர்க்கவும் கூடாது.

பழைய நாற்காலிக் கால், வண்ணம் பூசிய பலகை, கரையான் மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றை அடுப்பில் போடாதீர்கள். சில பதப்படுத்திய மரங்களில் ஆர்செனிக் வரை இருக்கும். புகையோடு சேர்ந்து அது உணவில் படியும். கரிப்பையின் வாயை இறுகக் கட்டி உலர்ந்த இடத்தில் வைத்தால் கரி கெடுவதில்லை. ஈரம் ஏறிய கரி பற்றுவதற்கே அடம்பிடிக்கும், பற்றினால் பொறி தெறிக்கும்.

புது அடுப்பா? முதல் தீ சமையலுக்கு இல்லை

தொழிற்சாலையில் தடவிய எண்ணெயும் பூச்சின் வாடையும் போக வேண்டும். கரியை நிரப்பிப் பற்றவைத்து, காற்றுத்துளைகளைத் திறந்து, மூடியைப் போட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெறும் அடுப்பை எரியவிடுங்கள். வார்ப்பிரும்புத் தட்டாக இருந்தால் முன்கூட்டியே கழுவித் துடைத்து, இருபுறமும் மெல்லியதாகச் சமையல் எண்ணெய் பூசி இந்தச் சூட்டிலேயே காய விடலாம். தோசைக்கல்லைப் பழக்குவதும் இதுவும் ஒரே வேலைதான்.

பற்றவைத்தல்

புதியவர்களுக்கு என் ஒரே பரிந்துரை சிம்னி ஸ்டார்ட்டர். பெயர் பெரிதாக இருந்தாலும், இருபுறமும் திறந்து, நடுவில் கம்பித்தடுப்பும் பக்கத்தில் கைப்பிடியும் வைத்த தகர உருளை, அவ்வளவுதான்.

1. அடுப்பின் அடிப்பக்கக் காற்றுத்துளைகளை முழுவதும் திறந்துவையுங்கள். பழைய சாம்பல் துளையை அடைத்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

2. உருளையின் மேல்பாதியில் கரியை நிரப்புங்கள். கீழ்ப்பாதியில் இரண்டு மூன்று செய்தித்தாள்களைத் தளர்வாகக் கசக்கி வையுங்கள். இறுக்கிச் சுருட்டினால் காற்று புகாமல் அணைந்துவிடும்.

3. உருளையை அடுப்பின் கரித்தட்டின்மேல் வைத்து, கீழே தெரியும் காகிதத்தில் இரண்டு மூன்று இடங்களில் தீ வையுங்கள்.

4. பதினைந்து முதல் இருபது நிமிடம் காத்திருங்கள். ஊத வேண்டாம், விசிற வேண்டாம், குனிந்து உள்ளே பார்க்கவும் வேண்டாம்.

5. மேல்வரிசைக் கரியின் ஓரங்கள் வெளுத்ததும், கையுறை போட்டு, உருளையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, மெதுவாகச் சாய்த்துக் கொட்டுங்கள். மேலிருந்து தடாலென்று கொட்டினால் பொறி மழைதான்.

நான்காவது படியில்தான் பொறுமை சோதிக்கப்படும். தள்ளி நின்று கவனித்தால் அடுப்பு தன் நிலையைச் சொல்லிவிடும். முதல் சில நிமிடங்கள் மேலே கிளம்புவது திரண்ட வெள்ளைப் புகை. பிறகு உள்ளிருந்து 'டிக், டிக்' என்று கரி வெடிக்கும் சத்தம் கேட்கும். புகை மெலிந்து, உருளையின் வாய்க்கு மேலே காற்று நடுங்கத் தொடங்கும். கரித்துண்டுகளின் இடுக்கில் ஆரஞ்சு நிறம் தெரியும். கடைசியாகக் கருப்பு முனைகளில் சாம்பல் நிறம் ஏறும். வெள்ளைப் புகை நிற்பதற்கு முன் எதைச் சுட்டாலும் கசப்பு ஏறிவிடும்.

சிம்னி இல்லை, பற்றவைக்கும் திரவம்தான் இருக்கிறது என்றால், குளிர்ந்த கரியைக் குவித்து அளவாக ஊற்றி, அது ஊறும்வரை காத்திருங்கள். புட்டியை மூடித் தூரமாக வைத்துவிட்டு, நீண்ட தீக்குச்சியால் பற்றவையுங்கள். தீ சோம்பலாக இருக்கிறதே என்று இரண்டாவது முறை ஊற்றுவதுதான் இந்த அடுப்பின் மிக மோசமான விபத்துக்கு வழி. சூடான கரியில் பட்ட திரவம் நொடியில் ஆவியாகித் தீப்பிடிக்கும். அந்தத் தீ ஒழுகும் தாரையின் வழியே கையில் இருக்கும் புட்டிவரை ஏறி வரும். பெட்ரோலும் ஸ்பிரிட்டும் எந்த நிலையிலும் கூடாது.

சூட்டை ஆள்வது காற்று

கரியைக் கொட்டியதும் தட்டு முழுக்கப் பரப்புவது தவறு. ஒரு பாதியில் மட்டும் பரப்புங்கள், மறுபாதி காலியாக இருக்கட்டும். கரி இருக்கும் பக்கம் வெளிப்புறத்தைச் சிவக்க வைக்கும். காலிப் பக்கம், மூடியைப் போட்டால், நிதானமாக உள்ளே வேகவைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீ எகிறும்போது உணவைத் தள்ளிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது.

அடித்துளை வழியே காற்று உள்ளே போகிறது, மூடித்துளை வழியே புகையும் சூடும் வெளியேறுகின்றன. அடித்துளையைத் திறந்தால் சூடு கூடும், பாதி மூடினால் குறையும். மூடியில் உள்ளதைச் சமைக்கும்வரை திறந்தே வையுங்கள். அடைத்தால் பழம்புகை உள்ளேயே தேங்கி உணவில் கரி வாடை ஏறும். துளையைத் திருப்பியவுடன் சூடு மாறிவிடாது. ஐந்து பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த திருப்பம். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் ஒரு பக்கம் கருக்கி, மறுபக்கம் பச்சையாகப் பரிமாறுவார்கள்.

வெப்பமானி இல்லாவிட்டால் உள்ளங்கையே அளவுகோல். கம்பித்தட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று நொடிக்குமேல் தாங்கவில்லை என்றால் கடும் சூடு, நான்கைந்து நொடி தாங்கினால் நடுத்தரம், ஆறேழு நொடி தாங்கினால் இளஞ்சூடு.

மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, முதலில் இரண்டு விரற்கடை தூக்கிச் சற்று நிறுத்தி, பிறகு முழுவதும் திறங்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடந்த தணலுக்குத் திடீரென்று காற்று கிடைத்தால் தீ நாக்கு வெளியே பாயும். கனமான பீங்கான் வகை அடுப்புகளில் இது இன்னும் கடுமையாக இருக்கும்.

தீ எகிறினால்

கொழுப்போ எண்ணெயோ தணலில் சொட்டினால் தீ எழும்பும். உணவைக் காலிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள்; அடங்கவில்லையென்றால் மூடியைப் போட்டு, துளைகளை அடையுங்கள். காற்று இல்லாமல் தீ தானாகப் படுத்துவிடும். தண்ணீர் ஊற்றாதீர்கள். எரியும் கொழுப்பில் பட்ட தண்ணீர் நீராவியாக வெடித்து, அந்தக் கொழுப்பையும் சாம்பலையும் நம் மேலேயே வாரி வீசும். அடுப்புக்கு வெளியே கொழுப்புத் தீ பரவினால் அதற்குத்தான் மணல். வாளித் தண்ணீர் புல்லில் விழும் பொறிக்கு.

இதோடு சேர்ந்த இன்னொரு செய்தி: தணல் வெளிப்புறத்தைச் சீக்கிரம் கருக்கிவிடும் என்பதால் நிறத்தை நம்பி வெந்ததாக முடிவு செய்யக் கூடாது. உணவில் குத்திப் பார்க்கும் வெப்பமானி வாங்கிவிடுங்கள். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ், கொத்திய இறைச்சி 71, மீன் 63 என்பவை பாதுகாப்பான அளவுகள். பச்சை இறைச்சி வைத்த தட்டிலேயே வெந்ததை வைப்பது பலரும் கவனிக்காமல் செய்வது. தட்டும் இடுக்கியும் இரண்டிரண்டு இருக்கட்டும். ஊறவைத்த மசாலா நீரைக் கொதிக்கவைக்காமல் மேலே தடவாதீர்கள்.

சுட்டுவிட்டால்

மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் என்பது நீண்ட நேரம்தான், ஆனால் குறைக்க வேண்டாம். பனிக்கட்டி, பற்பசை, வெண்ணெய், மாவு எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகத்திலோ விரல் மூட்டிலோ பட்டிருந்தாலும், உள்ளங்கையைவிடப் பெரிய காயமாக இருந்தாலும், குழந்தையாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

அணைப்பதும் சாம்பல் அள்ளுவதும்

மூடி உள்ள அடுப்பாக இருந்தால் எல்லாத் துளைகளையும் அடைத்து மூடிவிடுங்கள். காற்று இன்றித் தணல் மெல்ல அணையும், எரியாத கரியும் மிஞ்சும். மறுமுறை சாம்பலை உதறிவிட்டு அதைப் புதுக் கரியோடு கலந்து பயன்படுத்தலாம். மூடி இல்லாத அடுப்பில், தணல் தானாக எரிந்து தீரும்வரை யாராவது பக்கத்தில் இருந்துதான் ஆக வேண்டும். சூடான அடுப்புக்குள் வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பது பலருக்கும் கைவந்த குறுக்குவழி. கொதிநீராவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும், சூடான தகடு கோணிப்போகும், பீங்கான் விரிசல் விடும். அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தால், இடுக்கியால் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் உள்ள இரும்பு வாளியில் போடுங்கள்.

சாம்பல் ஆறிவிட்டதா என்று மேலாகப் பார்த்துச் சொல்லவே முடியாது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள்? சாம்பல் ஒரு நல்ல வெப்பத் தடுப்பு. நடுவில் கிடக்கும் சிறு கங்கை அது ஒரு நாளுக்கு மேலும் சூடாகவே காத்து வைக்கும். குறைந்தது 48 மணி நேரம் விட்டுவிடுங்கள். அதன்பிறகும், மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி, காகிதப் பை, அட்டைப்பெட்டி எதுவும் கூடாது. அந்த வாளியையும் வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

கடற்கரையில் சமைப்பவர்கள் தணலை மணலில் புதைத்துவிட்டுப் போவதுண்டு. மணல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே எதுவும் தெரியாது. அடுத்து அந்த வழியாக வெறுங்காலோடு ஓடிவருவது பெரும்பாலும் ஒரு குழந்தையாக இருக்கும். புதைக்காதீர்கள், கரியைத் தண்ணீரில் அணைத்து எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் தகரத்தட்டு அடுப்புக்கும் இதே விதி. அதன் அடியே புல் கருகும், மேசை எரியும். அணைந்த பிறகும் பல மணி நேரம் சுடும்.

சாம்பலைச் செடிக்குப் போடலாமா? கலப்பில்லாத மரக்கரிச் சாம்பல் என்றால் கொஞ்சமாகப் போடலாம். அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும் என்பதை நினைவில் வையுங்கள். வேதிப்பொருள் சேர்த்த கட்டியின் சாம்பல் குப்பைக்கு.

சுத்தம் செய்தல்

கம்பித்தட்டைச் சூடாக இருக்கும்போதே தேய்ப்பது எளிது. உணவை எடுத்தபின் தட்டைத் தணலின்மேலேயே ஐந்து பத்து நிமிடம் விட்டால் ஒட்டியிருப்பவை கருகி உதிரும். அலுமினியத் தாளை உருண்டையாகக் கசக்கி, இடுக்கியால் பிடித்துத் தேய்த்தால் போதும். மரச்சுரண்டியும் நல்லது.

கம்பி பிரஷ் பற்றி எச்சரிக்க வேண்டும். அதன் மெல்லிய இழைகள் முறிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து உணவில் ஏறும். தொண்டையிலும் குடலிலும் குத்தி அறுவை சிகிச்சை வரை போனவர்கள் உண்டு. வைத்திருப்பவர்கள், தேய்த்தபின் ஈரத்துணியால் தட்டைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இழை உதிரத் தொடங்கிய பிரஷைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். நான் அந்த வகையை வாங்குவதில்லை.

தட்டின் வகைக்கு ஏற்ப வேலை மாறும். துருப்பிடிக்காத எஃகுத் தட்டைச் சோப்பு நீரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். எனாமல் பூச்சு உள்ளதைக் கூரானவற்றால் சுரண்டினால் பூச்சு பெயர்ந்து அங்கே துரு பிடிக்கும். வார்ப்பிரும்பை ஊறவைக்கவே கூடாது. துடைத்து, சூட்டில் உலர்த்தி, எண்ணெய் பூசி வையுங்கள்.

மூடியின் உட்புறத்தில் கருப்பாகச் செதில் செதிலாக உரிவதைக் கண்டு பெயிண்ட் உரிகிறது என்று பதறுவார்கள். பெரும்பாலும் அது புகையும் கொழுப்பும் சேர்ந்து படிந்த கரி. மரச்சுரண்டியால் சுரண்டி எடுத்துவிடலாம். அடிக்கிண்ணத்தில் சேரும் கொழுப்பையும் அவ்வப்போது வழித்தெடுங்கள். அடுத்த முறை தீ எகிறுவதற்கு அதுவே எரிபொருள். அடுப்பு ஆறியபின் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். கடும் காரம் உள்ள அடுப்புக் கழுவிகள் பூச்சையும் அலுமினியப் பாகங்களையும் அரித்துவிடும்.

சாம்பலை மட்டும் ஒரு வாரம் கிடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் காரச் சேறாக மாறித் தகட்டைத் தின்னும். கரி அடுப்புகள் பெரும்பாலும் எரிந்து கெடுவதில்லை. ஈரச் சாம்பலோடு மூலையில் கிடந்து கெடுகின்றன.

பராமரிப்பு

முழுவதும் ஆறி உலர்ந்தபிறகே உறையைப் போடுங்கள். நீண்ட நாள் சும்மா இருக்கப் போகிறது என்றால் தட்டுகளுக்கு எண்ணெய் பூசிக் கூரையுள்ள இடத்தில் வையுங்கள். மறுபடி எடுக்கும்போது கால்களின் திருகாணிகளை முடுக்கி, கைப்பிடி ஆடுகிறதா என்று பார்த்து, காற்றுத்துளைகளில் சிலந்தி வலை இருந்தால் நீக்குங்கள்.

வெளிப்புறத்தில் மேலாகப் பிடித்த துருவைத் தேய்த்து எடுத்து, அதிக வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடிக்கலாம். உட்புறத்தில் அடிக்கக் கூடாது. கம்பித்தட்டும் கரித்தட்டும் தேய்ந்து மெலிந்தால், அளவு பார்த்துப் புதிது வாங்கி மாற்றுங்கள். கிடைத்த கம்பிவலையை வெட்டிப் போடும் யோசனை வேண்டாம். துத்தநாகம் பூசியதாக இருந்தால் சூட்டில் நச்சுப்புகை வரும். கிண்ணத்தின் அடி துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். அந்த ஓட்டை வழியே தணல் காலடியில் விழும். அடைக்க முடியாத இடத்தில் காற்று புகுவதால், துளையை மூடி அணைப்பதும் நடக்காது. அந்த அடுப்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.